எந்தக் கட்டையிலும் சேராத பாட்டு

அத்தியாயம் 14

டின்னிலிருந்து கழன்ற முதல் ஐஸ் பார் சிமெண்டுத் தரையில் மோதியதும் 'ணங்' என்று சத்தம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. 'பொதுக்' என்று இரண்டாகப் பிளந்து, வயிற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீரைக் கொட்டியது. கொட்டிய தண்ணீர் நேராக மீன் வியாபாரி செல்வதாஸின் கால்களைத் தேடிப் போனது.

"ஏலே ஆன்ட்ரூசு, இது ஐஸா, இளநியா?"

இரண்டாவது பாரும் இளநீர்தான். மூன்றாவதும். ராஜாக்கமங்கலம் துறையில் முத்துநாயகத்தின் ஐஸ் பிளான்ட் தொடங்கி இருபத்திரண்டு வருடமாகிறது. அதில் பத்தொன்பது வருடம் ஆன்ட்ரூஸ்தான் ஆபரேட்டர். இத்தனை காலத்தில் உள்ளே உறையாத பார் ஒன்றுகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. இந்தச் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நாற்பது பார் அப்படி வரிசையில் நின்றன.

காரணம் உலகத்தில் ஒரே ஒருவனுக்குத் தெரியும். அவன் அப்போது கூரைத் தகரத்தில் ஏதோ புதிதாக முளைத்திருப்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

நேற்று மதியம் ஒரு மணி. பிளான்டில் ஆன்ட்ரூஸ் மட்டும். மடியில் கிதார், காதோடு போன். போனில் இருக்கும் பழைய பதிவில் அவன் மனைவி லீமா ஒரு பாட்டை முனகுகிறாள். மூன்றாவது வரியில் அவள் குரல் ஓரிடத்தில் வளைந்து இறங்குகிறது. எங்கே போய் இறங்குகிறது என்றுதான் பிடிபடவில்லை. கம்ப்ரசர் மோட்டாரின் இரைச்சல் சரியாக அந்த வளைவின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மூன்று நிமிஷம் நிறுத்தினால் உலகம் உருகியா போய்விடும் என்று நினைத்தான். சுவிட்சை அணைத்தான்.

பத்தொன்பது வருடம் அந்த இரைச்சலுக்குள்ளேயே குடியிருந்தவனுக்கு, திடீரென்று கிடைத்த அமைதி பஞ்சு மெத்தைபோல் இருந்தது. கடல் கேட்டது. தென்னோலை உரசுவது கேட்டது. தூரத்தில் யாரோ துணியை அடித்துத் துவைப்பது கேட்டது. எல்லாவற்றுக்கும் நடுவில் லீமா முனகினாள். கிதாரைக் கட்டிப் பிடித்தபடி ஆன்ட்ரூஸ் உறங்கிப்போனான். நாலே முக்கால் பஸ்ஸின் ஹாரன்தான் எழுப்பியது.

உலகம் உருகவில்லை. நாற்பது பாரின் நடுவயிறு மட்டும் உறையவில்லை.

முதலாளி முத்துநாயகம் செய்தி கேட்டு, பல் துலக்கிய நுரையோடு வந்து சேர்ந்தார். உடைந்த பாரைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"என்னலே இது? உள்ள வெள்ளம்லா கெடக்கு!"

ஆன்ட்ரூஸ் ஒரு முடிவுக்கு வந்தான். பொய் சொன்னால் பிறகு அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு ஞாபக சக்தி போதாது.

"முதலாளி, நான்தான் மோட்டார நிறுத்துனேன். ஒரு பாட்டு கேக்கணும்னு."

செல்வதாஸ்தான் முதலில் சிரித்தார். பிறகு முதலாளி. பிறகு லோடு ஏற்ற வந்த நாலு பேர்.

"காலங்காத்தால களியாக்காதல. மோட்டாருக்கு வயசாயிட்டு, அதான் விசயம்," என்றார் முத்துநாயகம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "திங்கக்கிழம மெக்கானிக்கு வருவான். அந்தக் கெழட்டுச் சவத்த கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போட்டிருவோம்."

"நெசமாத்தான் முதலாளி, நான்..."

"போலே, வீட்டுல போயி ஒறங்கு. மூஞ்சியப் பாரு, நீயும் உள்ள ஒறையாதவன் மாதிரில்லா இருக்க."

பத்தொன்பது வருடமாக அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் தமாஷ். முதல் முறையாக ஓர் உண்மையை எடுத்து வைத்தான். அதையும் அதே கூடையில் போட்டுவிட்டார்கள். குற்றமே செய்யாத ஒரு மோட்டாருக்குத் தண்டனை விதித்தாகிவிட்டது. ஆன்ட்ரூஸ் போகும்போது அதைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. லீமா பதினோரு வருடமாக மஸ்கட்டில் நர்ஸ். இரண்டு மாத லீவில் வந்தவள், லீவு முடியும் தறுவாயில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து மெயில் வந்திருக்கிறது: வேலையைத் தொடர்கிறாயா? அதில் மூன்று கட்டங்கள். இல்லை, ஒரு வருடம், இரண்டு வருடம். ஒன்றில் டிக் அடித்து இன்றைக்கு மஸ்கட் நேரம் நாலரைக்குள் அனுப்ப வேண்டும். நமக்கு ஆறு மணி.

'போகிறாயா, இருக்கிறாயா?' என்று ஆன்ட்ரூஸ் கேட்கவில்லை. நேரடியாகக் கேட்பது அவன் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை. அவன் லீமாவைப் பெண் பார்க்கப் போனபோதே 'கிணத்துத் தண்ணி உப்பா?' என்றுதான் கேட்டிருக்கிறான்.

கேட்பதற்குப் பதிலாக ஒரு பாட்டு படித்துக்கொண்டிருந்தான்.

போன கிறிஸ்துமஸ் சமயத்தில் லீமா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அது. "சிந்தியாட்ட இருமல் மருந்தக் குடிக்கச் சொல்லுங்க" என்று பேசி முடித்தவள், விரலை எடுக்க மறந்துவிட்டாள். இருபது விநாடி குழாயில் தண்ணீர் ஓடுகிறது. அவள் ஏதோ கோப்பையைக் கழுவிக்கொண்டே முனகுகிறாள். சந்தோஷமா வருத்தமா என்று சொல்ல முடியாத ஒரு மெட்டு. அதைக் காதால் பிடித்து, கிதாரில் கொண்டுவந்து, அவள் லீவுக்கு வந்ததும் வாசித்துக் காட்டினால் அவள் போகமாட்டாள் என்று ஆன்ட்ரூஸுக்கு ஒரு நம்பிக்கை. எதனால் அப்படி என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

ஆறு மாதமாக அந்தப் பாட்டு யாரிடமும் சிக்கவில்லை. கோயில் பாடகர் குழுவில் பாடிக் காட்டினான். இரண்டு பேர் இருமினார்கள். பாட்டைக் கண்டுபிடிக்கும் ஆப்பிடம் கொடுத்தான். அது மூன்று முறை சுழன்றுவிட்டு, இன்னும் அமைதியான இடத்துக்குப் போகும்படி புத்தி சொன்னது. அதைக் கேட்டுத்தான் நேற்று மோட்டாரையும் நிறுத்தினான்.

உடைந்த பார்களை அள்ளிக் கொட்டிவிட்டு, பதினொரு மணி வாக்கில் வீட்டுக்கு வந்தபோது உள்ளே 'சர்ர்க்' என்று ஒரு சத்தம். ஆன்ட்ரூஸ் செருப்பைக் கழற்றிய நிலையிலேயே நின்றான். சூட்கேஸ் ஜிப். சந்தேகமே இல்லை. அவள் அறையில், கட்டிலுக்கு அடியில் இருக்கும் நீலப் பெட்டி. ஜிப் மூடுகிற சத்தமா, திறக்கிற சத்தமா என்று தலையைச் சாய்த்துக் கேட்டான். மூடும்போது கடைசியில் மேலேறும், திறக்கும்போது கீழிறங்கும். இது மேலேறியது.

"அங்கன நின்னு எதுக்கு வாசலுக்குக் காது குடுக்குதிய?" லீமா வெளியே வந்தாள். வெளியே போகிற சேலை. தோளில் பை.

"எங்க?"

"நாரோயிலுக்கு."

"எதுக்கு?"

"ஒரு வேல இருக்கு."

"மெயிலு..." என்று தொடங்கியவன், அந்தச் சொல்லைத் தொடர்வதற்குள் பயந்துபோய், "மயிலு பாத்தேன் வழியில, ரெண்டெண்ணம்," என்று முடித்தான்.

லீமா அவனை ஒரு நர்ஸ் பார்க்கிற பார்வை பார்த்தாள். காய்ச்சல் எத்தனை இருக்கும் என்று நெற்றியைத் தொடாமலே சொல்லிவிடுகிற பார்வை.

"சோறு வடிச்சி வச்சிருக்கேன். மீன் புளிமுளம் சட்டியில இருக்கு. நாலு மணிக்குள்ள வந்திருவேன்."

அவள் நாகர்கோவில் பஸ்ஸுக்கு நடந்தாள். அவன் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். நீலப் பெட்டி மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தான். பாரமும் இல்லை, லேசும் இல்லை. பெட்டிகூட நேராகப் பதில் சொல்லாத வீடு இது.

முன்னறையில் மகள் சிந்தியா கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்போனோடு, ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தாள். கல்லூரி மூன்றாம் வருடம். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு அவள்தான். காது அப்பாவிடமிருந்து வந்தது. அதை ஒழுங்காகப் பயன்படுத்தும் புத்தி அம்மாவிடமிருந்து.

"அப்பா, இந்த வாய்ஸ் நோட்ட நான் காலையில இருந்து கேக்கேன். ஒரு விசயம் உதைக்கி."

"மூணாவது வரிதானே? எனக்கும் அங்கதான். அயிலையில இருந்து நெத்திலிக்குப் போவணும், ஆனா நடுவுல..."

"அப்பா, அயிலைன்னு ஒரு கார்டு கெடையாது. அது ஜி மேஜர்."

"உனக்கு ஜி மேஜர். எனக்கு அயிலை."

இதை விளக்க வேண்டும். ஆன்ட்ரூஸ் யாரிடமும் கிதார் படித்ததில்லை. பங்கு இளைஞர் இயக்கம் கழித்துப் போட்ட கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்து, பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, விரல் எங்கே போனால் எது வருகிறது என்று தானாகக் கண்டுபிடித்தவன். விரல் பிடிக்கிற வடிவங்களுக்குப் பெயர் தெரியாததால், தெரிந்த மீன் பெயர்களை வைத்துவிட்டான். இரண்டு விரல் நெருக்கமாக நின்றால் நெத்திலி. மூன்று விரல் அகன்றால் அயிலை. எல்லாருக்கும் சுலபமாக வருவது சாளை. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்குவது சுறா. அது இதுவரை அவனைக் கடித்ததுதான் அதிகம்.

"வரிய விடுங்க," என்றாள் சிந்தியா. "சுருதியப் பாருங்க. அம்மா முனகுதது எந்தக் கட்டையிலயும் இல்ல. இந்தா, ஜி. அம்மா இதுக்கு மேல. இதுக்கு அடுத்தது ஜி ஷார்ப். அம்மா இதுக்குக் கீழ. ரெண்டுக்கும் எடையில நிக்காவ."

"உங்கம்மா எதுலதான் ஒரு முடிவா நின்னிருக்கா?"

"தமாசு வேண்டாம்ப்பா. ஒரு ஆளு சும்மா முனகும்போது சுருதி கொஞ்சம் அங்க இங்க போவும். அம்மா போவல்ல. இருபது செகண்டும் அதே எடத்துல நிக்காவ. எதையோ கேட்டுக் கேட்டுப் படிச்ச மாதிரி."

போனில் ஒரு ஆப் வைத்திருந்தாள். சத்தத்தைக் கேட்டு முள் ஆடும். லீமா முனகும்போது முள் நடுக்கோட்டுக்கு வலது பக்கமாக நகர்ந்து, ஓரிடத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றது.

சிந்தியா கீபோர்டை அணைத்தாள். பிறகு எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

மதிய வெயில் மணலில் நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று வந்தது. காற்றோடு, இருநூறு அடிக்கு அப்பால் இருக்கும் ஐஸ் பிளான்டிலிருந்து மோட்டாரின் இரைச்சலும் வந்தது. இந்த வீட்டில் அது எப்போதும் இருக்கிறது. இருப்பதாலேயே யாருக்கும் கேட்பதில்லை. சிந்தியா போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். முள் ஆடியது, வலது பக்கமாக நகர்ந்தது, நின்றது. அதே இடம்.

அப்பாவும் மகளும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்பா, நீங்க கிதாருக்கு எப்பிடி சுருதி சேப்பிய?"

"எப்பிடின்னா? மோட்டாருக்குச் சேப்பேன். மூணாவது கம்பிய மோட்டாரோட ஒட்டவச்சி, மிச்சத்த அதுக்கு ஒட்டவைப்பேன். பின்ன என்னத்துக்குச் சேக்க?"

"அதான் கோயில்ல உங்க கிதாரும் எனக்க கீபோர்டும் எப்பவும் அடிச்சிக்கிடுது. நான் உங்களுக்குக் காது மந்தம்னு இருந்தேன்."

"பங்குசாமி இன்னும் அப்பிடித்தான் இருக்காரு."

"செரி, அம்மா மஸ்கட்டுல நின்னு முனகுதாவ. அங்க மோட்டாருக்கு எங்க போவாவ?" சிந்தியா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மாவுக்க பழைய போனு எங்க?"

கண்ணாடி உடைந்த அந்தப் போன் அலமாரியில், பழைய பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில் இருந்தது. சார்ஜரைச் செருகி உயிர் வருவதற்குள் ஆன்ட்ரூஸ் இரண்டு முறை சமையலறைக்குப் போய் ஒன்றும் எடுக்காமல் வந்தான்.

சிந்தியா எதையோ தட்டினாள். "நட்சத்திரம் போட்டு வச்சிருக்காவ," என்றாள் மெதுவாக. "எல்லாம் உங்களுக்க வாய்ஸ் நோட்டு. நூத்திப் பன்னெண்டு."

ஆன்ட்ரூஸுக்குப் புரியவில்லை. இத்தனை வருடமும் வாரம் ஒரு பாட்டை வாசித்து அனுப்பினான், வேறு என்ன பேசுவது என்று தெரியாமல். பதில் ஒன்றுதான் வரும்: 'ம். நல்லாருந்து.' கேட்டுவிட்டு அழித்திருப்பாள் என்று நினைத்திருந்தான். மஸ்கட்டில் போன் நிறைந்துவிடாதா?

சிந்தியா ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். முன்னறை வேறு அறையாகிக்கொண்டே போனது. ஒன்றில் மழை. ஒன்றில் சிந்தியாவே, ஆறாம் வகுப்புக் குரலில், "அப்பா, ஸ்கேலு உடைஞ்சி போச்சி," என்கிறாள். ஒன்றில் அவனுடைய சிரிப்பு. இப்போது அவனிடம் இல்லாத, கொஞ்சம் ஒல்லியான சிரிப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், தண்ணீருக்கு அடியில் மணல் இருப்பதுபோல், மோட்டாரின் இரைச்சல். அதன்மேல் அவனுடைய கிதார் மிதந்து மிதந்து போகிறது. ஒரு படுக்கை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மஸ்கட்டின் மொட்டை மலை, காதில் இது. அப்படி ஒருத்தி படுத்துக் கிடப்பதை ஆன்ட்ரூஸ் முதல் முறையாகப் பார்த்தான்.

எட்டு வருடத்துக்கு முந்தைய ஒன்றை சிந்தியா நிறுத்தினாள்.

"இது."

ஏதோ கல்யாண வீட்டில் கேட்டுவிட்டு வந்து வாசித்துப் பார்த்த பாட்டு. முதல் வரி சரி. இரண்டாவது சரி. மூன்றாவது வரியில் விரல் தவறி, போகக்கூடாத இடத்துக்கு வளைந்து இறங்குகிறது. உடனே அவன் குரல்: "அய்யோ, தப்பு. தப்பு. செரி, இருக்கட்டும் லீமா, அடுத்த வாரம் ஒழுங்கா வாசிக்கேன்."

அடுத்த வாரம் வேறு பாட்டை வாசித்திருந்தான்.

சிந்தியா இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஓடவிட்டாள். அம்மாவின் முனகல், அப்பாவின் கிதார். மூன்றாவது வரியில் இரண்டும் ஒன்றாகத் தப்பி, ஒன்றாக இறங்கின.

"ஆறு மாசமா நான் தேடுன பாட்டு..." என்றான் ஆன்ட்ரூஸ்.

"உங்களுக்க தப்புதான்ப்பா."

அவன் சிரிக்க முயன்றான். வழக்கமாக வருகிற சிரிப்பு பாதி வழியில் எங்கோ உட்கார்ந்துவிட்டது.

"இத வாசிச்சிக் காட்டி ஒண்ணும் ஆவப்போறதில்லப்பா," சிந்தியா போனைக் கீழே வைத்தாள். "அம்மாவுக்கு இது ஏற்கெனவே தெரியும். ஆறு மணிக்குள்ள நீங்க வாயத் தொறந்து பேசுங்க. எனக்கும் தெரியணும். நானும் ரெண்டு மாசமா ஜிப்பு சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

நாலு மணிக்கு லீமா வந்தாள். கையில் மீன் பொதி, இன்னொரு கையில் ஒரு செருப்புக்கடைப் பை. பைக்குள் ஒரு பெட்டி. பெட்டியின் மூடி சரியாக மூடாமல், உள்ளே வெள்ளையாக எதுவோ தெரிந்தது. ஆஸ்பத்திரியில் போடுகிற வெள்ளை ஷூ. சிந்தியாவின் காலும் அதே அளவுதான். ஆனால் சிந்தியா வெள்ளையில் எதையும் தொடமாட்டாள். ஆன்ட்ரூஸ் அளவுகளையும் நிறங்களையும் கூட்டிக் கழித்துக் களைத்துப்போனான்.

லீமா கொல்லைப்புறத்தில் தென்னை நிழலில் உட்கார்ந்து சாளையைச் செதில் உரசத் தொடங்கினாள். வெயில் சாய்ந்து, ஓலைகளின் நிழல் அவள் முதுகில் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு செதிலும் பறந்து மணலில் மின்னியது. கடலிலிருந்து வந்த காற்றில் உப்பும் தூக்கமும் இருந்தன.

ஆன்ட்ரூஸ் கிதாரோடு வந்து எதிரே ஒரு கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்தான். பேச வாயைத் திறந்தான். வாய்க்குப் பதில் கை போயிற்று.

முதல் வரி. லீமாவின் கத்தி நிற்கவில்லை. இரண்டாவது வரி. கத்தி மெதுவானது. அவள் நிமிரவில்லை. ஆனால் முனகத் தொடங்கினாள், கூட வருவது தெரியாமலே கூட வருகிறவள்போல. மூன்றாவது வரியின் வளைவு நெருங்கியது. சரியான இடம் எதுவென்று இப்போது அவனுக்குத் தெரியும். சிந்தியா மதியம் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவன் விரல் அங்கே போகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தப்பினார்கள்.

காற்று கொஞ்சம் நின்று மறுபடி வீசியது. தூரத்தில் மோட்டார் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் வாசித்தான் என்று அவனுக்குத் தெரியாது. பாட்டு முடிந்து, மறுபடி தொடங்கி, மறுபடி அதே இடத்தில் தப்பி, மறுபடி முடிந்தது.

"பிளான்டுல ஐஸு உறையல்லியாமே," என்றாள் லீமா, சாளையின் வயிற்றைக் கீறிக்கொண்டே. "பஸ்ஸுல செல்வதாசுக்க பெண்டாட்டி சொல்லிச் சிரிச்சா. நீங்க பாட்டுக் கேக்க மோட்டார நிறுத்தினியளாம்."

"ஆமா."

"நெசமா?"

"நெசம். இந்தப் பாட்டத்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த நாளில் அவன் சொன்னதை நம்பிய முதல் ஆள்.

"இதுக்க ஒழுங்கான பாட்டு நான் கேட்டிருக்கேன்," என்றாள். "அங்க எனக்க கூட வேல செய்த பிள்ளைக்க கல்யாணத்துல போட்டாவ. மூணாவது வரி வந்ததும் எனக்குப் பொறுக்கல்ல. பாடுதவரு தப்பாப் பாடுதாருன்னு பக்கத்துல இருந்தவட்ட சொல்லிட்டேன். அவ என்னைய ஒரு மாதிரிப் பாத்தா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆன்ட்ரூஸும் சிரித்தான். சிரிப்பு அடங்கியது. வழக்கமாக இந்த இடத்தில் அவன் அடுத்த தமாஷைத் தொடங்குவான். அது ஓடி முடிவதற்குள் நாள் முடிந்துவிடும். சமையலறைக் கடிகாரம் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஐந்து முப்பத்தைந்து. உள்ளே கீபோர்டின் சத்தம் சட்டென்று நின்றது. சிந்தியா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவன் கிதாரை மணலில் வைத்தான்.

"லீமா."

"ம்."

"போறியா, இருக்கியா?"

இரண்டே வார்த்தை. பின்னால் மயிலோ கிணறோ எதுவும் வரவில்லை. அவனுக்கே நம்ப முடியவில்லை.

லீமா கத்தியை வைத்தாள். கையைத் தண்ணீரில் அலம்பி, முந்தானையில் துடைத்தாள். அவசரப்படவில்லை.

"போறேன்," என்றாள்.

ஆன்ட்ரூஸ் தலையாட்டினான். தலை நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது.

"ஒரு வருசமா ரெண்டு வருசமான்னு இன்னும் டிக் அடிக்கல்ல. ஆனா போறேன்."

"இங்க என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல சிந்தியாக்கப்பா. எனக்கு அந்த வேல பிடிச்சிருக்கு. எண்ணூறு கிராமுல ஒரு புள்ள பொறக்கும், கை விரலு தீக்குச்சி மாதிரி இருக்கும். அதுக்கு நரம்பு தேடி ஊசி ஏத்த எனக்க கைதான் வேணும்னு டாக்டர்மாரு காத்து நிப்பாவ. முதல்ல குடும்பத்துக்காகத்தான் போனேன். இப்ப எனக்காவப் போறேன். இத உங்கட்ட சொல்ல எனக்கு வெக்கமா இருந்து. அதான் ரெண்டு மாசமா பெட்டிய அடைச்சி அடைச்சித் தொறக்கேன்."

எண்ணூறு கிராமைப் பற்றி ஒரு தமாஷ் அவன் தொண்டை வரை வந்தது. நல்ல தமாஷ்தான். விழுங்கினான்.

"இருன்னு நான் சொன்னா?" என்றான். குரல் எந்தக் கட்டையிலும் சேரவில்லை.

லீமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் பார்க்கிற பார்வை அல்ல அது.

"சொன்னாலும் போவேன்," என்றாள். "ஆனா ஒவ்வொரு தடவையும் ஏர்போட்டுல நீங்க எதையாவது சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சிக்கிட்டு நிப்பிய. நான் உள்ள போயி ஒத்தைக்கு இருந்து அழுவேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போவாதேன்னு நீங்க சொல்லியிருந்தா, நான் அழாமப் போயிருப்பேன்."